வில்லெம்ஸ்டாட்: ஒரே நாளில் நடந்து பார்க்க

குராசோ தீவின் தலைநகரான வில்லெம்ஸ்டாட்டை நடந்தே பார்த்து முடிக்கலாம். பார்க்க வேண்டிய இடங்களில் பெரும்பாலானவை ஒரு குறுகிய கடற்கால்வாயின் இரு கரைகளிலும் நெருக்கமாக இருக்கின்றன. ஆனாலும் வந்து போகிறவர்களில் பலர் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள். கிழக்குக் கரையில் வண்ண வீடுகளைப் பார்த்துவிட்டு, கடைகளில் பொழுதைப் போக்கிவிட்டு, மேற்குக் கரைக்குப் போகும்போது கால் ஓய்ந்துவிடுகிறது. வெயிலும் எதிர்த்திசையில் இருப்பதால் எடுத்த படங்களும் இருண்டு போகின்றன.

இந்தத் தொல்லைகளைத் தவிர்க்க ஒரே வழி, வரிசையைச் சரியாக அமைத்துக்கொள்வது. காலையில் கிழக்குக் கரை, உச்சிவெயிலில் கூரைக்குக் கீழ், பிற்பகலில் மேற்குக் கரை, மாலையில் தண்ணீர் ஓரம். இந்த அத்தியாயம் அந்த வரிசையில் போகிறது.

ஊரின் அமைப்பு

நான்கு பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் வரைபடம் இல்லாமலே சமாளிக்கலாம்.

- சிந்த் அன்னா விரிகுடா: ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய். கடலிலிருந்து உள்ளே போய், ஸ்கொட்டெகாட் என்ற பெரிய உள்துறைமுகத்தில் முடிகிறது. சரக்குக் கப்பல்கள் வீடுகளுக்கு எதிரிலேயே இதன் வழியாகப் போகும்.
- பூந்தா: கிழக்குக் கரை. ஸ்பானியர்களிடமிருந்து தீவை 1634-இல் கைப்பற்றிய டச்சு மேற்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டிக் குடியேறிய இடம்.
- ஓட்ரோபாந்தா: மேற்குக் கரை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வளர்ந்த பகுதி. சந்துகளும் முற்றங்களும் நிறைந்தது.
- ஸ்கார்லோ: பூந்தாவுக்கு வடக்கே, சிறிய நீர்ப்பரப்புக்கு அப்பால் இருக்கும் பழைய வணிகர் மாளிகைகளின் தெரு.

இந்தப் பழைய நகரமும் துறைமுகமும் 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. விசாவை முதலில் முடியுங்கள். குராசோ நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட தனி நாடு. அந்த முடியாட்சியின் கரீபியத் தீவுகளுக்கான விசா வேறு, ஷெங்கன் விசா வேறு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. வேறு சில நாடுகளின் விசா கையில் இருப்பவர்களுக்கு விலக்கு கிடைக்கலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டச்சுத் தூதரகத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

2. விமானம் மாறும் ஊரையும் கவனியுங்கள். ஆம்ஸ்டர்டாம் வழியாகவும் மயாமி வழியாகவும் போகலாம். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும்.

3. வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 7 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, உடனே வெளியேறிவிடுங்கள்.

4. பணம். 2025 மார்ச் 31 முதல் புழக்கத்தில் இருப்பது கரீபியன் கில்டர். ஒரு அமெரிக்க டாலருக்கு 1.79 கில்டர் என்று மதிப்பு நிலையாக வைக்கப்பட்டுள்ளது. டாலரையும் பெரும்பாலான கடைகள் வாங்கிக்கொள்ளும். மீதிச் சில்லறையில் பழைய ஆன்டிலியன் கில்டர் நோட்டு வந்தால் வாங்காதீர்கள். கடைகளில் இனி அது செல்லாது.

5. மின்சாரம் 127 வோல்ட். செருகி அமெரிக்க வகைத் தட்டை முனை. செல்போன் சார்ஜர் வேலை செய்யும். நம் ஊர் 230 வோல்ட்டுக்கு மட்டும் செய்த கெட்டிலையும் இஸ்திரிப்பெட்டியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

6. நாளைத் தேர்ந்தெடுங்கள். திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் நல்லது. சனி, ஞாயிறுகளில் யூதர் தேவாலயத்தைப் பார்வையிட முடியாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை பூந்தாவில் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். வியாழக்கிழமை கிடைத்தால் இன்னும் நல்லது: அன்று மாலை பூந்தாவின் தெருக்களில் இசையும் சிறு கடைகளும் களைகட்டும். பெரிய பயணக் கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில் கூட்டம் மிகுதி. துறைமுகத்தின் கப்பல் அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

7. பருவம். குராசோ புயல் பாதைக்குப் பொதுவாகத் தெற்கே இருக்கிறது, மழையும் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவ்வப்போது பெய்யும் மழைதான் பெரிய மழை.

பையில் என்ன இருக்க வேண்டும்

- தாடைக்குக் கீழ் கட்டும் கயிறு உள்ள தொப்பி. காற்று ஓயாமல் வீசும். சாதாரணத் தொப்பி கால்வாயில் போய் விழும்.
- ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி. கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய குழாய்நீரே இங்கே குடிநீர். பயமில்லாமல் குடிக்கலாம், நிரப்பிக்கொள்ளலாம்.
- பிடிமானமுள்ள, முன்புறம் மூடிய செருப்பு அல்லது காலணி.
- தோளை மூடும் மெல்லிய துணி.
- சிறிய நோட்டுகளாக ரொக்கம்.

குறிப்பு: இந்த ஊர் ஏறத்தாழ புதுச்சேரியின் அட்சரேகையில் இருக்கிறது. வெயிலும் அதே கடுமைதான். ஆனால் கிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் சூடு தெரியாது. தெரியாமல் நடந்துவிட்டு மாலையில் தலைவலியோடு படுப்பவர்கள் உண்டு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரைமணிக்கு ஒரு முறை தண்ணீர் குடியுங்கள்.

காலை 8 முதல் 12 வரை: பூந்தா

படி 1. ஆம்ஸ்டர்டாம் கோட்டை

கால்வாயின் வாயருகே மஞ்சள் பூசிய தடித்த சுவர் தெரியும். 1635-இல் தொடங்கிய கோட்டை இது. ஆளுநர் மாளிகைக்குக் கீழே இருக்கும் வளைவு வாசல் வழியாக நடு முற்றத்துக்குப் போகலாம். இன்றும் அரசு அலுவலகங்கள் இயங்கும் இடம் என்பதால் முற்றத்தில் நடக்கலாம். அலுவலகக் கதவுகளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில் இருப்பது 1769-இல் கட்டிய கோட்டைத் தேவாலயம். உள்ளே போவதற்கு முன் வெளிச்சுவரை நிதானமாகப் பாருங்கள். ஓரிடத்தில் இரும்புப் பீரங்கிக் குண்டு ஒன்று சுவரில் புதைந்திருக்கும். 1804-இல் ஆங்கிலேயக் கப்பற்படை ஊரை முற்றுகையிட்டபோது பாய்ந்த குண்டு. அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஜான் பிளை.

படி 2. கடற்கரைச் சுவர்

கோட்டையிலிருந்து தெற்கே இறங்கினால் நீர்க்கோட்டையின் வளைவுகள் வரும். அந்தக் காலத்தில் படைக்கலங்கள் இருந்த அறைகளில் இப்போது உணவகங்கள் இருக்கின்றன. காலையில் காற்றோட்டமாக இருக்கும். காபி குடிக்க ஏற்ற இடம். அலை சுவரில் மோதித் தெறிக்கும் பாறைகளில் இறங்காதீர்கள். பாசி படிந்த கல் எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாது.

படி 3. மிக்வே இஸ்ரயேல் – இமானுவேல்

காலை பத்து மணிவாக்கில் இங்கே வந்துவிடுங்கள். 1732-இல் திறக்கப்பட்ட யூதத் தேவாலயம் இது. இரு அமெரிக்கக் கண்டங்களிலும் இடைவிடாமல் வழிபாடு நடந்துவரும் தேவாலயங்களில் மிகப் பழையது. இதன் சமூகம் 1651-இலேயே உருவாகிவிட்டது. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் மத விசாரணைக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாம் வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள்.

உள்ளே கால் வைத்தவுடன் காலடிச் சத்தம் மறைந்துவிடும். தரை முழுவதும் மணல். மகோகனி மரத்தில் செய்த பீடமும் பேழையும் கறுத்துப் பளபளக்கும். மேலே நான்கு பித்தளைச் சரவிளக்குகள் மெழுகுவர்த்தித் தண்டுகளோடு தொங்கும். மணலுக்குப் பல விளக்கங்கள் சொல்வார்கள். ஐபீரிய நாடுகளில் ஒளிந்து வழிபட்ட காலத்தில் காலடி கேட்காமல் இருக்கத் தரையில் மணல் பரப்பினார்கள் என்பது அவற்றில் ஒன்று. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததன் நினைவு என்பது மற்றொன்று.

முறைகள்:
- வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. காலணியோடுதான் எல்லோரும் நடப்பார்கள்.
- ஆண்கள் தலையை மூட வேண்டும். சிறு குல்லா வாசலில் கிடைக்கும்.
- தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும்.
- மணலைக் கையில் அள்ள வேண்டாம், பையில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.
- படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

முற்றத்தின் மறுபக்கம் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 4. மிதக்கும் சந்தையின் கரை

வடக்கே சில நிமிட நடையில் வாய்காட் நீர்ப்பரப்பு வரும். வெனிசுவேலாவிலிருந்து படகுகளில் காய்கனியும் மீனும் கொண்டுவந்து, படகுகளைக் கரையில் கட்டி, அவற்றின் முன்னால் கடை விரித்த இடம் இது. வெனிசுவேலாவுடனான எல்லை 2019-இல் மூடப்பட்ட பிறகு படகுகளின் வரத்து குன்றிப்போனது. வரிசையாகப் படகுகள் நிற்கும் பழைய படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். கரையோரக் கடைகளில் பப்பாளி, மாம்பழம், வாழை கிடைக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

படி 5. ஸ்கார்லோ (விரும்பினால்)

சிறிய வில்ஹெல்மினா பாலத்தைத் தாண்டினால் ஸ்கார்லோ. 19ஆம் நூற்றாண்டில் யூத வணிகர்கள் கட்டிய மாளிகைகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. வெள்ளைச் சுதை வேலைப்பாடு நிறைந்த பச்சை மாளிகையை 'மணமகள் கேக்' என்று ஊரார் அழைக்கிறார்கள். பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள்தான். பதினொன்றரைக்குள் திரும்பிவிடுங்கள்.

மதிய உணவு: பிளாசா பியூ

பூந்தாவின் வட்டச் சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய சந்தைக் கூடம் இது. நீண்ட மேசைகள், அவற்றின் ஓரத்தில் திறந்த அடுப்படிகள், ஆளுயரத்துக்கு ஆவி பறக்கும் பெரிய அலுமினியப் பானைகள். அலுவலக ஊழியரும் துறைமுகத் தொழிலாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

செய்ய வேண்டியது:
1. பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். தாமதித்தால் நல்ல பதார்த்தங்கள் தீர்ந்துவிடும்.
2. முதலில் எல்லா அடுப்படிகளையும் ஒரு சுற்று பாருங்கள். பானையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.
3. பிடித்ததைச் சொல்லிவிட்டு மேசையில் இடம் பிடியுங்கள்.
4. ரொக்கம் கொடுங்கள்.

எதைக் கேட்பது: 'கப்ரிது ஸ்டோபா' என்பது ஆட்டுக்கறிக் குழம்பு. 'பிஸ்கா கோரா' என்பது சிவப்பு மீன். இரண்டுக்கும் தொட்டுக்கொள்ள 'ஃபுஞ்சி' வரும்; மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கேழ்வரகுக் களி சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். 'யுவானா' என்று எழுதியிருந்தால் அது உடும்பு போன்ற பெரிய ஓணான் இறைச்சி. தெரிந்துகொண்டு கேளுங்கள்.

சைவர்களுக்கு: வெண்டைக்காய் சூப்பான 'கியாம்போ'வைப் பார்த்தவுடன் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் மீனும் உப்பிட்ட இறைச்சியும் சேரும். பயறு கலந்த களியான 'தூத்து'விலும் பன்றி இறைச்சி இருக்கலாம். வெறும் ஃபுஞ்சி, சோறு, பழுத்த வாழையின் வறுவல், காய்கறி என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். 'சின் கார்னி, சின் பிஸ்கா' என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்.

பாலத்தைக் கடப்பது

எம்மா ராணி பாலம் 1888-இல் திறக்கப்பட்ட மிதவைப் பாலம். நீளம் 167 மீட்டர். வரிசையாக நிற்கும் மிதவைகள் மேல் மரப்பலகை பாவியிருக்கிறது. கப்பல் வரும்போது பாலத்தின் பூந்தா முனை கரையை விட்டு விலகும். ஓட்ரோபாந்தா முனை கீல் போல நிலைத்து நிற்க, முழுப் பாலமும் மோட்டார் விசையில் திரும்பி எதிர்க்கரையோரமாக ஒதுங்கிவிடும். 1934 வரை இதைக் கடக்கக் காசு வாங்கினார்கள். காலணி அணியாதவர்களுக்கு மட்டும் கட்டணம் இல்லை. ஏழைகள் மானத்துக்காகக் காலணியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கொடுத்தார்கள், வசதியுள்ளவர்கள் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இலவசமாகப் போனார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள்.

கடக்கும் முறை:
1. கரையில் நின்று கொடியைப் பாருங்கள். ஆரஞ்சு நிறக் கொடி என்றால் பாலம் சிறிது நேரத்துக்குத் திறக்கிறது, நின்று பார்க்கலாம். நீலக் கொடி என்றால் நேரம் ஆகும்.
2. நீலக் கொடி பறந்தால் அருகிலிருக்கும் படகுத் துறைக்குப் போங்கள். பாலம் திறந்திருக்கும் நேரத்தில் படகில் இலவசமாக அக்கரைக்குப் போகலாம்.
3. நடக்கும்போது மணி அடித்தால் ஓடாதீர்கள். இருக்கும் இடத்திலேயே ஓரமாக நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் நிற்பவர்கள் அதோடு சேர்ந்து திரும்பலாம், ஆபத்து இல்லை.
4. கதவு மூடும் நேரத்தில் தாவிக் கடக்க ஒருபோதும் முயலாதீர்கள். பாலத்தின் முனைக்கும் கரைக்கும் இடையே நொடியில் தண்ணீர் தெரியத் தொடங்கும்.
5. குழந்தைகளின் கையை விடாதீர்கள். கூர்மையான குதிகால் காலணி பலகை இடுக்கில் சிக்கும்.

குறிப்பு: காலுக்குக் கீழே லேசான ஆட்டம் இருக்கும். பெரிய கப்பல் கடந்த பிறகு அது கூடும். தலைசுற்றல் உள்ளவர்கள் நடுப்பாலத்தில் நிற்காமல் நேராக நடந்துவிடுவது நல்லது.

வடக்கே வானத்தில் வளைந்து தெரிவது ஜூலியானா ராணி பாலம். 1974-இல் திறந்தது, நீர்மட்டத்திலிருந்து சுமார் 56 மீட்டர் உயரம். கட்டும்போது 1967-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து 15 தொழிலாளர்கள் இறந்தார்கள். வாகனங்களுக்கு மட்டுமான பாலம் அது. நடந்து ஏற முயல வேண்டாம்.

பிற்பகல் 1.30 முதல் 5 வரை: ஓட்ரோபாந்தா

படி 6. கூரா ஹுலாண்டா அருங்காட்சியகம்

வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தை இங்கே கழியுங்கள். திறந்திருக்கும் நாட்களை முந்தின நாளே உறுதி செய்துகொள்ளுங்கள்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குராசோ, அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் முக்கியக் கிடங்காக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர்களை இங்கே இறக்கி, ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு விற்றார்கள். எதிர்க்கரையில் நீங்கள் ரசித்த வீடுகளின் செல்வத்தில் அந்த வணிகத்தின் பங்கு பெரிது. 1999-இல் திறந்த இந்த அருங்காட்சியகம் அதை மறைக்காமல் காட்டுகிறது: விலங்குகள், கழுத்துக் கட்டைகள், அடிமைக் கப்பலின் அடித்தளத்தைப் போலவே செய்த ஓர் இருண்ட அறை. அந்த அறையில் இறங்கி நின்று பாருங்கள். தலையை நிமிர்த்த இடமிருக்காது.

பார்க்கும் முறை: ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆப்பிரிக்க அரசுகளின் கலைப்பொருட்களையும் பாருங்கள். பிடித்துவரப்பட்டவர்கள் எந்த நாகரிகங்களிலிருந்து வந்தார்கள் என்பது அங்கேதான் தெரியும். பத்து வயதுக்குக் கீழான குழந்தைகளை விலங்குகள் இருக்கும் பகுதிக்கு அழைத்துப் போகுமுன் என்ன பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். இங்கே சிரித்த முகத்தோடு தற்படம் எடுக்காதீர்கள்.

தெரிந்துகொள்ள ஒரு பெயர்: தூலா. 1795 ஆகஸ்ட் 17 அன்று தீவின் மேற்கே கினிப் பண்ணையில் அடிமைகளின் எழுச்சியைத் தொடங்கியவர். அக்டோபர் 3 அன்று அவரைக் கொன்றார்கள். அடிமைமுறை ஒழிந்தது 1863 ஜூலை 1 அன்றுதான். இன்று அவர் தேசிய வீரர். ஆகஸ்ட் 17 விடுதலைப் போராட்ட நாள். ஓட்ரோபாந்தாவுக்கு மேற்கே கடலோரத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. டாக்சியில் போய்ப் பார்த்துவரலாம்.

படி 7. சந்துகள்

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தவுடன் பெரிய தெருவுக்குப் போகாமல் சந்துகளில் நடங்கள். படிக்கட்டுகள், சிறு முற்றங்கள், சுவரோவியங்கள். ஒரு சுவரருகே நின்று இடுப்பு உயரத்துக்குக் கீழே பாருங்கள். வண்ணம் செதில் செதிலாக உரிந்து, உள்ளே பவளக்கல் தெரியும். விரலால் தடவினால் மாவாக உதிரும். பவளக்கல்லிலும் கலவையிலும் சேர்ந்திருக்கும் உப்பு ஈரத்தோடு மேலேறிச் சுண்ணாம்பைத் தின்றுவிடுகிறது. இந்த நகரத்தைக் காப்பாற்றுகிறவர்களின் ஓயாத வேலை இதுதான். உதிர்கிற சுவரில் சாயவோ, கீறவோ வேண்டாம்.

பிரேட்ஸ்ட்ராட் தெருவில் 1752-இல் கட்டிய புனித அன்னாள் பேராலயம் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே சற்று உட்காருங்கள். கால் ஓய்வதற்கும் நல்லது.

படி 8. ரிஃப் கோட்டை

ஐந்து மணிக்குள் இங்கே வந்து சேருங்கள். 1828-இல் முடிந்த கோட்டை. எதிர்க்கரையின் நீர்க்கோட்டையோடு சேர்ந்து துறைமுக வாயைக் காத்தது. உள்ளே இப்போது கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. சுவர்மேல் ஏறினால் கடலும் கால்வாயும் ஊரும் ஒரே பார்வையில் கிடைக்கும். மேல்தளத்தில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. படம் எடுத்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள்.

மாலை: ஹாண்டெல்ஸ்காடே

குராசோ பற்றிய எல்லாப் புத்தக அட்டையிலும் இருக்கும் வண்ண வீட்டு வரிசை இதுதான். பூந்தாவின் கால்வாயோரத்தில் மேற்கு நோக்கி நிற்கிறது. காலையில் வெயில் அந்த வீடுகளுக்குப் பின்னால் இருக்கும். முகப்பு இருண்டு கிடக்கும். பிற்பகல் நாலரைக்கு மேல் முகப்பு முழுவதும் வெளிச்சம் விழும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறோம்.

1. ஓட்ரோபாந்தாவில் பிரியோன் சதுக்கத்தின் தண்ணீர் ஓரத்தில் நில்லுங்கள்.
2. வெயில் சாயும் முன்பே இடம் பிடியுங்கள். ஆண்டின் காலத்தைப் பொறுத்து ஆறேகாலுக்கும் ஏழுக்கும் இடையில் சூரியன் மறையும்.
3. வலக்கோடியில் மஞ்சள் நிறத்தில், வெள்ளைச் சுதை வளைவுகளோடு இருப்பது பென்யா கட்டடம்; 1708 என்று ஆண்டு குறித்தது. கூரை முகப்பின் வளைவுகளை வீட்டுக்கு வீடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
4. இருட்டிய பிறகு பாலத்தின் வளைவு விளக்குகள் எரியும். அப்போது பாலத்தில் நடந்து திரும்புங்கள்.

வண்ணத்துக்குக் காரணம்: 1817-இல் ஆளுநர் ஆல்பர்ட் கிக்கெர்ட், வீடுகளுக்கு வெள்ளையடிக்கத் தடை விதித்தார். வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது என்பது சொன்ன காரணம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- காலை முழுவதும் கடைத்தெருவில் செலவழிப்பது. கடைகள் பிற்பகலிலும் இருக்கும்.
- சனிக்கிழமை யூதத் தேவாலயத்துக்குப் பார்வையாளராகப் போவது. அது வழிபாட்டு நாள்.
- டாக்சியில் ஏறிய பிறகு கட்டணம் கேட்பது. மீட்டர் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஏறும் முன் பேசி, எந்தப் பணத்தில் என்பதையும் முடிவு செய்யுங்கள்.
- கப்பல் பயணிகள் கடைசி நிமிடத்தில் பூந்தாவிலிருந்து கிளம்புவது. பாலம் திறந்திருந்தால் படகுக்கு வரிசை நீளும். ஒரு மணி நேரம் முன்னதாக அக்கரை சேருங்கள்.

பாதுகாப்பு

- வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் போகும். தெருவைக் கடக்கும்போது நம் பழக்கத்துக்கு மாறாக முதலில் இடப்பக்கம் பாருங்கள்.
- இருட்டிய பிறகு பாலத்தின் இரு முனைகள், ரிஃப் கோட்டை, பியெட்டர்மாய் உணவகத் தெரு ஆகிய ஆள் நடமாட்டமுள்ள இடங்களோடு நில்லுங்கள். ஓட்ரோபாந்தாவின் உட்சந்துகளும் ஸ்கார்லோவும் பகலுக்கு உரியவை.
- வாடகைக் காரில் பையையோ கேமராவையோ விட்டுப் போகாதீர்கள்.
- கால்வாயில் இறங்கிக் குளிக்க வேண்டாம். அது கப்பல் பாதை.
- காவல், தீயணைப்பு: 911. ஆம்புலன்ஸ்: 912.

பேச்சுக்கு நான்கு சொற்கள்

ஊர்மொழி பாபியாமெந்து. ஆங்கிலம், டச்சு, ஸ்பானியம் மூன்றும் பலருக்குத் தெரியும். ஆனாலும் கடைக்குள் நுழைந்தவுடன் வணக்கம் சொல்லாமல் விலை கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள். காலையில் 'பொன் தியா', பிற்பகலில் 'பொன் தார்தி', இரவில் 'பொன் நோச்சி'. நன்றிக்கு 'தாங்கி'.

நேரம் குறைவாக இருந்தால்

மூன்று மணி நேரம்தான் கையில் என்றால் இப்படிப் பிரியுங்கள்:

1. ஆம்ஸ்டர்டாம் கோட்டை முற்றம், பீரங்கிக் குண்டு: 20 நிமிடம்
2. மணல் தரைத் தேவாலயம்: 40 நிமிடம்
3. பாலம்: 20 நிமிடம்
4. கூரா ஹுலாண்டா: 75 நிமிடம்
5. பிரியோன் சதுக்கத்திலிருந்து ஹாண்டெல்ஸ்காடே: 25 நிமிடம்

இன்னும் குறைக்க வேண்டுமானால் கோட்டையை விடுங்கள், கடைகளை விடுங்கள், உணவைக் கையில் வாங்கிக்கொண்டு நடங்கள். தேவாலயத்தையும் கூரா ஹுலாண்டாவையும் விடாதீர்கள். துரத்தப்பட்டு வந்தவர்கள் சுதந்திரமாக வழிபட்ட கூடம் ஒரு கரையில் இருக்கிறது. சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் வரலாறு மறு கரையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவருக்குத்தான் அந்த வண்ண வீடுகளின் முன் நிற்கும்போது எதைப் பார்க்கிறோம் என்பது முழுதாகத் தெரியும்.